எம்டனுக்கு எவ்வளவு துரு வேணும்?

இன்னிக்கு நான் பேசப்போறது, ஒரு அழகான கப்பலை எப்படி அழுக்காக்குறதுங்கிறதைப் பத்தி. சரியாத்தான் கேட்டீங்க. பிளாஸ்டிக் கப்பல் கிட் ஒண்ணு வாங்கி, மாசக்கணக்குல உட்கார்ந்து ஒட்டி, நல்லா பெயின்ட் அடிச்சு, அதுக்கப்புறம் அதுமேல துரு, கரி, உப்புக்கறை எல்லாம் ஏத்துவோம். இதுக்கு வெதரிங்னு பேரு. பார்க்குறவங்களுக்கு இது பைத்தியக்காரத்தனமாத்தான் தெரியும். எங்க அம்மாவே, "நல்லா இருந்ததை ஏன்டா கெடுக்குற?"ன்னுதான் கேட்டாங்க.

நான் விருதுநகர்க்காரன். எங்க மாவட்டத்துல பட்டாசு உண்டு, தீப்பெட்டி உண்டு, அச்சகம் உண்டு, பருப்பு எண்ணெய் வியாபாரம் உண்டு. கடல் மட்டும் கைக்கெட்டாது. கப்பல் பார்க்கணும்னா தூத்துக்குடிக்கு பஸ் ஏறணும். அதனால நான் செஞ்ச முதல் பெரிய கப்பலுக்கு, எங்க வீட்ல ஏற்கெனவே தெரிஞ்ச ஒரு பேரா தேடினேன். எம்டன்.

"அவன் பெரிய எம்டன்"னு சொல்லுவோம்ல, அதே எம்டன்தான். 2006-ல வந்த 'எம் மகன்' படத்துக்கு முதல்ல வச்ச தலைப்பு 'எம்டன் மகன்'. அப்பாவைப் பார்த்து வீடே நடுங்கும், அதுக்காக அந்தப் பேரு. ஆனா அந்த வார்த்தைக்குப் பின்னாடி நிஜமா ஒரு கப்பல் இருந்துச்சு. 1908-ல டான்சிக்ல கடல்ல இறக்குன ஜெர்மன் போர்க்கப்பல். சுமார் 118 மீட்டர் நீளம், மூணு புகைபோக்கி, பத்து பெரிய பீரங்கி. 1914 செப்டம்பர் 22 ராத்திரி சென்னைக்கு வெளியே வந்து நின்னு, நூத்துக்கும் மேல குண்டு போட்டுச்சு. பர்மா ஆயில் கம்பெனியோட எண்ணெய்த் தொட்டிகள் எரிஞ்சது. துறைமுகத்துல உயிர்களும் போச்சு. அடுத்த நாள்ல இருந்து ஜனங்க மூட்டை கட்டிக்கிட்டு ஊரைவிட்டுக் கிளம்பினாங்க. சென்னை உயர் நீதிமன்றச் சுவர்ல இன்னிக்கும் அதுக்கு ஒரு கல்வெட்டு இருக்கு.

ரெவெல் கம்பெனி இந்தக் கப்பலுக்கு 1/350 அளவுல கிட் போட்டிருக்கு. செஞ்சு முடிச்சா 34 சென்டிமீட்டர் வரும், பள்ளிக்கூட ஸ்கேலைவிடக் கொஞ்சம் நீளம். ஒட்டுறது பொறுமை இருந்தா முடிஞ்சிரும். பெயின்ட் அடிக்கும்போதுதான் உண்மையான கேள்வி வருது. எந்த எம்டன்?

போருக்கு முன்னாடி கிழக்காசியாவுல இருந்தப்போ அது வெள்ளைக் கப்பல், புகைபோக்கி மட்டும் மஞ்சள் கலந்த நிறம். போர் வந்ததும் சாம்பல் நிறம் பூசிட்டாங்க. அப்போ சென்னைக்கு வந்தது சாம்பல் எம்டன். நடுவுல கித்தான்ல பொய்யா ஒரு நாலாவது புகைபோக்கி கட்டி, பிரிட்டிஷ் கப்பல் மாதிரி வேஷம் போட்டதும் உண்டு. அக்டோபர்ல டியகோ கார்சியா தீவுல நங்கூரம் போட்டாங்க. அங்க இருந்தவங்களுக்குப் போர் ஆரம்பிச்ச சேதியே போய்ச் சேரல! அந்த இடைவெளியில கப்பலைச் சாய்ச்சு, அடியில ஒட்டியிருந்த பாசியையும் சிப்பியையும் சுரண்டினாங்க. நவம்பர் 9-ஆம் தேதி கோகோஸ் தீவுக்குப் பக்கத்துல ஆஸ்திரேலியாவோட சிட்னி கப்பல் அதை அடிச்சு நொறுக்குச்சு.

இப்போ புரியுதா? நாம ஒரு கப்பலைச் செய்யல, ஒரு தேதியைச் செய்றோம். செப்டம்பர் 22-ன்னா, கடலுக்கு வந்து ஏழெட்டு வாரம் ஆன கப்பல். அடிச்ச பெயின்ட் பழசாகல. ஆகவே யூடியூப் பார்த்துட்டு கப்பல் முழுக்க ஆரஞ்சுத் துருவை வழிய விட்டா அது பொய். நங்கூரச் சங்கிலி இறங்குற ஓட்டைக்குக் கீழ கொஞ்சம் துரு, அவ்வளவுதான் நியாயம். கரி மட்டும் தாராளமா இருக்கும். அது நிலக்கரியில ஓடின கப்பல். துறைமுகம் கிடையாது, நடுக்கடல்லயே இன்னொரு கப்பலைப் பக்கத்துல கட்டி, மூட்டை மூட்டையா மனுஷங்க சுமந்து கரி ஏத்தினாங்க. பக்கவாட்டுல உரசுன தழும்பு, மேல்தளத்துல கரித்தூள், புகைபோக்கி உச்சியில கருப்பு, சூட்டுல வெளிறின பெயின்ட், கடல்தண்ணி காஞ்ச வெள்ளைப் படிவம். ஒவ்வொரு கறைக்கும் ஒரு வேலை இருக்கு, அந்த வேலையைச் செஞ்ச ஆளும் இருக்கான்.

சரி, எப்படிச் செய்றது? முதல்ல ப்ரைமர். அடுத்து சாம்பல் நிறம், அதுல கொஞ்சம் வெள்ளை கலந்துக்கோங்க. சின்ன அளவுல அசல் நிறத்தை அப்படியே அடிச்சா மாடல் இருட்டா தெரியும். அது காஞ்சதும் பளபள வார்னிஷ் ஒரு கோட். அதுக்கு மேலதான் வாஷ், அதாவது ரொம்பத் தண்ணியாக் கரைச்ச அடர்நிறம். அது மூலைமுடுக்குல போய்த் தங்கும். மிச்சத்தைத் துடைச்சிருங்க. வழியுற கறையை எப்பவும் மேல இருந்து கீழ இழுங்க, மழைத்தண்ணி சுவர்ல இறங்குற மாதிரி. 1/350-ல ஒரு மில்லிமீட்டர் கோடுன்னா நிஜத்துல 35 சென்டிமீட்டர் அகலம். அதனால முடிமாதிரி இழுக்கணும். கடைசியா மேட் வார்னிஷ்.

எங்க ஊருக்குன்னு ஒரு சிக்கல் உண்டு. சித்திரை வெயில்ல ஏர்பிரஷ்ல அடிச்சா, பெயின்ட் பிளாஸ்டிக்கைத் தொடுறதுக்கு முன்னாடியே காஞ்சு மாவு மாதிரி ஒட்டும். விடியக்காலம் ஆறு மணிக்கு அடிங்க, காயுறதைத் தாமதப்படுத்துற ரிட்டார்டர் ரெண்டு சொட்டு விடுங்க. துருவுக்கு வெளிநாட்டு பிக்மென்ட் டப்பாதான் வேணும்னு இல்ல. காவிக்கல்லோட சிவப்பே இரும்பு ஆக்சைடுதான், துருவும் அதேதான். காவியை அரைச்சு மெல்லிய துணியில சலிச்சு எடுத்துக்கலாம். கரிக்கு அடுப்புக்கரி, உப்புக்கறைக்குச் சாக்பீஸ் பொடி.

ஆனா ஒண்ணு. எங்க பக்கத்துல யாராவது, "அலுமினியப் பொடி இருக்கு, வெள்ளி மாதிரி மின்னும், கொஞ்சம் தரட்டா?"ன்னு அன்பாக் கேப்பாங்க. வாங்காதீங்க. பட்டாசுக்கு வெளிச்சம் குடுக்குறதே அதுதான். தின்னர், ஏர்பிரஷ், பூட்டின ரூம், இதுகூட அந்தத் தூளும் சேரக்கூடாது. பட்டாசு வேலைக்குப் போறவங்க பருத்தித் துணி உடுத்துறதும், இரும்புச் சாமானைத் தள்ளி வைக்குறதும் சும்மா இல்ல. ஒரு பொறி போதும். உங்க பெயின்டிங் மேசைக்கும் அந்த ஒழுங்கு வரட்டும்: ஜன்னல் திறந்திருக்கணும், பக்கத்துல அடுப்போ விளக்கோ எரியக் கூடாது.

இதைச் சொல்லும்போது இன்னொண்ணும் சொல்லணும். எம்டன் செஞ்சேன்னு தெரிஞ்சதும் நண்பர் ஒருத்தர், "அடுத்து கோகோஸ்ல எரிஞ்சு கிடந்த எம்டனைச் செய்"னு சொன்னார். நல்ல யோசனைதான், சவாலான வேலை. தொடர்ந்து, "எரிஞ்ச தகரம் எப்படி இருக்கும்னு பார்க்க உனக்கென்ன குறைச்சல், வெடிவிபத்து நடந்த ஷெட்டைப் போய் போட்டோ எடுத்துக்கோ"ன்னார். அவர் கெட்ட மனசுல சொல்லல. இந்த ஹாபியில ரெஃபரன்ஸ் போட்டோதான் எல்லாம்.

என்னால முடியல. 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி. எங்க பக்கத்துல அந்தத் தேதியைச் சொன்னா விளக்கம் தேவையில்ல. முப்பதுக்கும் மேல உயிர் போச்சு. அதுக்கு முன்னாடியும் பின்னாடியும் எத்தனையோ. ஒரு ஷெட் எரிஞ்சா அந்தத் தகரத்துக்குப் பக்கத்துல யாரோ ஒருத்தரோட செருப்பும் தூக்குவாளியும் கிடக்கும். அந்த இடத்துக்கு நிறம் பார்க்க நான் கேமராவோட போக மாட்டேன்.

எங்க வீட்டுப் பின்னாடி வெந்நீர் அடுப்புக்கு மறைப்பா ஒரு பழைய தகரம் நிக்குது. அதைப் பார்த்தே கத்துக்கிட்டேன். தீ நேரா படுற இடம் சாம்பல்வெள்ளை. அதைச் சுத்தி நீலமும் கருப்பும். பெயின்ட் பொரிஞ்சு உதிர்ந்த விளிம்புல, மழை பட்ட மறுநாளே, பளிச்சுனு இளம் ஆரஞ்சுத் துரு. பழைய துரு காப்பிக்கொட்டை நிறம், புதுத்துரு ஆரஞ்சு. கோகோஸ் எம்டனுக்கு எனக்கு வேண்டிய பாடம் மொத்தமும் அந்த ஒரு தகரத்துல இருந்துச்சு.

அந்தச் சண்டையில எம்டன்ல மட்டும் 130 பேருக்கு மேல செத்தாங்க. அதனால அந்த மாடலை நான் கண்ணைப் பறிக்கிற மாதிரி செய்யல. தீ இல்ல, பஞ்சுப் புகை இல்ல, உள்ளே எரியுற எல்.ஈ.டி. பல்பு இல்ல. அணைஞ்சு ஆறின கப்பல், பாறையில உட்கார்ந்திருக்கு.

புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு நான் சொல்றது இதுதான். பிரஷ்ஷை எடுக்குறதுக்கு முன்னாடி ஒரு தாள்ல தேதியை எழுதுங்க. அதுக்குக் கீழ, "இந்தக் கறை எதனால வந்துச்சு?"ன்னு ஒவ்வொண்ணுக்கும் ஒரு வரி எழுதுங்க. பதில் எழுத முடியாத கறையைக் கப்பல்ல போடாதீங்க. உங்க முதல் மாடல் கொஞ்சம் சுத்தமாவே இருந்துட்டுப் போகட்டும், தப்பே இல்ல.