கைக்குக் கூலி, காகிதத்துக்குச் சம்பளம்

(குளச்சலில் நிகழ்த்திய அய்யன்காளி நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அய்யன்காளி பெயரில் நடக்கும் கூட்டத்தில் எலெக்ட்ரானிக்ஸ் டெக்னீஷியன்களின் சம்பளத்தைப் பற்றி ஏன் பேச வேண்டும் என்று சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். இந்தக் குளச்சல் திருவிதாங்கூரில் இருந்த காலத்தில், ஒடுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க மறுத்தார்கள். அதற்கு அய்யன்காளி மனு எழுதிக் காத்திருக்கவில்லை. வயல் வேலையை நிறுத்தச் சொன்னார். பள்ளிக்கதவு திறக்கும்வரை நிலத்தில் இறங்குவதில்லை என்று உழைக்கும் மக்கள் உட்கார்ந்தார்கள். கல்வி உரிமையும் உழைப்பின் மதிப்பும் ஒரே போராட்டம் என்பது, எழுதப் படிக்க வாய்ப்பில்லாமல் வளர்ந்த அந்த மனிதருக்குத் தெரிந்திருந்தது. கதவு திறந்து நூறாண்டு கடந்துவிட்டது. உள்ளே போனவர்களுக்கு எந்தப் பெஞ்சு கிடைத்தது, வெளியே வந்தபோது என்ன கூலி கிடைத்தது என்று கணக்குப் பார்ப்பதுதான் அவருக்கு நாம் செய்யும் மரியாதை.

நாகர்கோவில் கோணம் பகுதியை எல்லோரும் அறிவோம். அரசு ஐ.டி.ஐ., அரசு பாலிடெக்னிக், அண்ணா பல்கலைக்கழகத்தின் பொறியியல் கல்லூரி, மூன்றும் அங்கே இருக்கின்றன. ஒரே பஸ்ஸில் போய் இறங்குகிற பிள்ளைகள் மூன்று வாசல்களில் பிரிந்து நுழைகிறார்கள். எந்த வாசலில் நுழைந்தார்கள் என்பது முப்பது ஆண்டுகளுக்கான சம்பளத்தை முடிவு செய்துவிடுகிறது.

நம் மாவட்ட எல்லையைத் தாண்டினால் மகேந்திரகிரி. அங்கே இஸ்ரோவின் உந்துவிசை வளாகம் இருக்கிறது. ஏழாவது ஊதியக்குழுவின்படி இஸ்ரோவில் நுழைவு அடிப்படைச் சம்பளத்தைப் பாருங்கள். பத்தாம் வகுப்பும் ஐ.டி.ஐ.யும் முடித்த டெக்னீஷியனுக்கு 21,700 ரூபாய். டிப்ளமோ முடித்த தொழில்நுட்ப உதவியாளருக்கு 44,900. பட்டம் பெற்ற பொறியாளருக்கு 56,100.

படித்த ஆண்டுகளைப் பக்கத்தில் வையுங்கள். இரண்டு வருட ஐ.டி.ஐ. என்றால் மொத்தம் 12 ஆண்டு. டிப்ளமோ 13. பொறியியல் பட்டம் 16. கூடுதலாகப் படித்ததற்குத்தான் கூடுதல் சம்பளம் என்றால், டிப்ளமோவுக்கும் பட்டத்துக்கும் இடையிலுள்ள மூன்று ஆண்டுக்கு 11,200 ரூபாய் கிடைக்கிறது. ஐ.டி.ஐ.க்கும் டிப்ளமோவுக்கும் இடையிலுள்ள ஒரே ஆண்டுக்கு 23,200 ரூபாய். பெரிய பள்ளம் பட்டத்தின் வாசலில் இல்லை தோழர்களே. ஸ்பேனரையும் சால்டரிங் அயனையும் பிடிக்கிற கைக்கும், அதை மேற்பார்வை பார்க்கிற கண்ணுக்கும் நடுவில் இருக்கிறது. இதைப் படிப்பின் விலை என்று மட்டும் சொல்லிவிட முடியுமா?

இதே அரசு, பயிற்சிக் காலத்தில் வேறு கணக்கு வைத்திருக்கிறது. 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டத்தின் கீழ் 2019இல் திருத்திய விதிகளில், குறைந்தபட்ச உதவித்தொகை ஐ.டி.ஐ. முடித்தவருக்கு 7,000, டிப்ளமோவுக்கு 8,000, பட்டதாரிக்கு 9,000 ரூபாய் என்று இருந்தது. படிக்கு ஆயிரம் ரூபாய் வித்தியாசம். பழகும்போது ஏணியாக இருப்பது, வேலைக்குச் சேர்ந்ததும் மதிலாகிவிடுகிறது.

இந்த மதில் எங்கிருந்து வந்தது? நம் கன்னியாகுமரிக் கடற்கரை மக்களைப் பற்றி ஆய்வு செய்த மானுடவியலாளர் அஜந்தா சுப்ரமணியன், பிறகு இந்தியப் பொறியியல் கல்வியைப் பற்றி எழுதிய நூல் 2019இல் வந்தது. தொழில்நுட்ப அறிவு ஒரு காலத்தில் கைவினைச் சாதிகளின் பட்டறையில் இருந்தது. காலனியாட்சியில் அது வகுப்பறைக்கு இடம்பெயர்ந்து, கையில் அழுக்குப்படாத மேல்சாதியாரின் தகுதியாக மாறியது என்பதை அவர் காட்டுகிறார். கிண்டியில் பொறியாளர்கள் உருவானார்கள். கீழே இருந்தவர்களுக்குத் தொழிற்பள்ளி என்று ஒதுக்கப்பட்டது. சாதி வேலையைப் பங்கிடுவதோடு நிற்பதில்லை, வேலை செய்கிறவர்களையே மேல்கீழாக அடுக்குகிறது என்று 1936இல் அம்பேத்கர் வாதிட்டார். அந்த அடுக்கு தொழிற்சாலைக்குள் அடையாள அட்டையின் நிறமாக, கேன்டீனில் தனி மேசையாக வந்து உட்கார்ந்துகொள்கிறது.

அம்பேத்கர் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னவர் அல்லர். 1942இல் வைஸ்ராயிடம் அளித்த மனுவில், பட்டியல் சாதி மாணவர்களுக்கு அறிவியல், தொழில்நுட்ப உயர்கல்விக்கு உதவித்தொகை கேட்டார். அதே மனுவில், அரசு அச்சகங்களிலும் ரயில்வே பட்டறைகளிலும் பயிற்சி இடங்களும் கேட்டார். பல்கலைக்கழகமும் வேண்டும், பட்டறையும் வேண்டும் என்பதே அவர் கோரிக்கை.

நீதிமன்றம் என்ன சொன்னது? 1974இல் ஜம்மு காஷ்மீர் அரசுக்கும் திரிலோகி நாத் கோசாவுக்கும் இடையிலான வழக்கு. உதவிப் பொறியாளர் என்ற ஒரே பதவியில் பட்டதாரிகளும் டிப்ளமோக்காரர்களும் இருந்தார்கள். செயற்பொறியாளராகப் பதவி உயர்வு பட்டதாரிக்கு மட்டும் என்ற விதியை உச்சநீதிமன்றம் ஏற்றது. இப்படி வகை பிரித்துக்கொண்டே போனால் சமத்துவம் மூழ்கிவிடும் என்ற எச்சரிக்கையும் அதே தீர்ப்பில் உண்டு. விதி நிலைத்தது, எச்சரிக்கையை மறந்துவிட்டார்கள். 2016இல் பஞ்சாப் அரசுக்கும் ஜக்ஜீத் சிங்குக்கும் இடையிலான வழக்கில், நிரந்தர ஊழியரின் அதே வேலையைச் செய்யும் தற்காலிக ஊழியருக்கும் சமவேலைக்குச் சமஊதியம் பொருந்தும் என்றது அதே நீதிமன்றம். நமக்குக் கிடைத்திருக்கும் ஆயுதம் அது.

நான் இதுவரை சொன்னது அரசு வேலை. அங்கே இடஒதுக்கீடு உண்டு, ஓய்வுக்கால ஏற்பாடு உண்டு. தனியாரிடம் வாருங்கள். ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் ஆலையில் 2024 செப்டம்பர் 9ஆம் தேதி தொடங்கிய வேலைநிறுத்தம் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தது. டி.வி.யும் பிரிட்ஜும் வாஷிங் மெஷினும் செய்கிற அந்தத் தொழிலாளர்களின் சராசரி மாதச் சம்பளம் 25,000 ரூபாய் என்றும், மூன்று ஆண்டுக்குள் அதை 36,000 ஆக்கக் கேட்டார்கள் என்றும் செய்திகள் வந்தன. சம்பளத்தைவிடப் பெரிய தகராறு, சங்கத்தைப் பதிவு செய்வதில்தான் நடந்தது. பேசுவதற்கு ஒரு சங்கம் வைத்துக்கொள்வதே குற்றம் போலப் பார்க்கப்பட்டது. இவர்களுக்கும் கீழே காண்ட்ராக்ட்காரர், டிரெய்னி என்று இன்னும் இரண்டு படிகள் உண்டு.

இனி நம் கடற்கரை. படகில் இருக்கும் எக்கோ சவுண்டரை, ஜி.பி.எஸ்.ஸை, வயர்லெஸ்ஸைப் பழுதுபார்ப்பவர் யார்? பட்டம் இல்லாத நம் பிள்ளைகள்தான். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி வந்தபோது, ஆழ்கடலில் இருந்தவர்களுக்குச் செய்தி போய்ச்சேராததன் விலையை இந்தக் கரை அறியும். ஒரு செட் வேலை செய்வதும் செய்யாததும் உயிர் பற்றிய விஷயம். அப்படிப்பட்ட வேலைக்குப் பேரம் பேசித்தான் கூலி தருகிறோம். உப்புக்காற்றில் அரித்துப்போன போர்டைப் பார்த்ததும் எங்கே கோளாறு என்று சொல்கிற அறிவை எந்தச் சான்றிதழிலும் எழுதுவதில்லை.

எதிர்த்தரப்பின் பேச்சையும் கேட்க வேண்டும். கடன் வாங்கிப் பொறியியல் படித்துவிட்டு, டெக்னீஷியன் வேலையையே குறைந்த சம்பளத்துக்குச் செய்யும் பட்டதாரிகள் நம் தெருவிலும் இருக்கிறார்கள். முதல் தலைமுறைப் பட்டதாரிகள் பலர். அவர்களின் சம்பளத்தைக் குறைக்கச் சொல்லி நாம் கேட்கவில்லை. ஒரு சுற்று வடிவமைப்பவருக்கு அதற்குரிய ஊதியம் வேண்டும். ஆனால் இன்ஜினியருக்கு நேரும் அநியாயத்தைக் காட்டி டெக்னீஷியனுக்கு நேரும் அநியாயத்தை நியாயப்படுத்த முடியாது. இருவரையும் மோதவிட்டு லாபம் பார்ப்பவர் மூன்றாவது ஆள்.

நம் கோரிக்கைகள் மூன்று. ஒன்று, வேலையை மதிப்பிடுங்கள்: திறமை, பொறுப்பு, ஆபத்து, அனுபவம் ஆகியவற்றைக் கணக்கிட்டுச் சம்பளம் வையுங்கள். சான்றிதழ் அதில் ஒரு பகுதியாக இருக்கட்டும். இரண்டு, ஐ.டி.ஐ. முடித்தவர் டிப்ளமோ இரண்டாம் ஆண்டிலும், டிப்ளமோ முடித்தவர் பொறியியல் இரண்டாம் ஆண்டிலும் சேர வழி ஏற்கெனவே இருக்கிறது. வேலையில் இருப்பவர் அந்த வழியில் போகச் சம்பளத்தோடு விடுப்பு வேண்டும். வீட்டில் அடுப்பெரிய வேண்டுமே! மூன்று, ஒரே பெஞ்சில் ஒரே வேலை செய்கிற காண்ட்ராக்ட் டெக்னீஷியனுக்கு ஒரே சம்பளம்.

தமிழில் கூலி என்றும் சம்பளம் என்றும் இரண்டு சொற்கள் வைத்திருக்கிறோம். கைக்குக் கொடுப்பது கூலி, காகிதத்துக்குக் கொடுப்பது சம்பளம். அந்த இரண்டு சொல்லுக்கும் நடுவில் உள்ள தூரத்தைக் குறைக்க, இந்த மாவட்டத்து ஐ.டி.ஐ. பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசுவதிலிருந்து நம் வேலையைத் தொடங்குவோம்.