சந்தாக்களும் வீண் செலவும்



கலியாணச் செலவைக் குறைக்க வேண்டுமென்று இச்சபையில் நாம் பலகாலும் பேசியதுண்டு. இன்று பேசவந்தது, ஓசையின்றி நடைபெறும் வேறொரு செலவைப் பற்றியதாகும்.

முற்காலத்தில் சந்தா வசூலிப்போர் வாயிலில் வந்து நிற்பர். கொடுக்குமுன் ஒருமுறை யோசிப்போம். இப்பொழுதோ, நாம் ஒருதரம் அளித்த சம்மதத்தைக் கொண்டே படக்காட்சிச் செயலியும் சங்கீதச் செயலியும் நமது பாங்கிக் கணக்கினின்று பணத்தை எடுத்துக்கொள்கின்றன. மாதக் கட்டணமென்று நாம் நம்பும் 28 நாள் கைப்பேசித் திட்டமோ, வருஷத்தில் 12 முறையன்று, 13 முறை வருகின்றது.

இவ்வாறு தானே எடுக்கும் பணத்திற்கு 24 மணி நேரம் முன்னரே அறிவிப்பு அனுப்பவேண்டுமென்பது ரிசர்வ் பாங்கியின் விதி. அறிவிப்பு வருகின்றது, நாம்தாம் வாசிப்பதில்லை. சென்ற மாதம் எமது கணக்கை நோக்கியபோது, வீட்டில் ஒருவரும் காணாத இரண்டு செயலிகளுக்கு ஓராண்டாகப் பணம் போய்வந்தது கண்டு நாணமுற்றோம். அவ்வாண்டில்தான் கைம்முடையென்று கூறி, எம் மகளின் கணினி வகுப்பைத் தள்ளிவைத்தோம்!

ஆதலின், மாதந்தோறும் முதல் ஞாயிறன்று குடும்பத்தார் ஒருங்கமர்ந்து, பாங்கிக் கணக்கைப் பார்த்துச் சந்தாக்களை ஒரு தாளில் எழுதுக. பயன்படாதவற்றை நிறுத்துக. செயலியை நீக்கினால் மட்டும் சந்தா நின்றுவிடாது. பணம் எடுக்க அளித்த அநுமதியையே ரத்துச் செய்தல் வேண்டும். மிஞ்சுவதைப் பிள்ளைகளின் கல்விக்கென்று தனியே வைப்போமாக.