பிள்ளையின் சிரமத்திற்கு ஒரு பெயர்



சிங்கப்பூரில் தொடக்கப்பள்ளி ஒன்றில் நான் தமிழ் கற்பித்த காலத்தில், என் வகுப்பில் ஒரு மாணவன் இருந்தான். கேட்ட கதையைத் தன் சொற்களில் அழகுறத் திருப்பிச் சொல்வான். நூலைத் திறந்தாலோ வாயடைத்துப் போவான். ‘மொழி’ என்னும் சொல்லை எண்ணிப் பாருங்கள். கொம்பு மகரத்திற்கு முன்னும் கால் அதற்குப் பின்னும் நிற்கின்றன. அவை குறிக்கும் உயிரொலியோ மகர ஒலிக்குப் பின்னரே பிறக்கிறது. அவ்விடத்தில் அவன் ஒவ்வொரு முறையும் தடுமாறினான். கவனக்குறைவு என்று கருதிய நான், பத்து முறை எழுதிவரப் பணித்தேன்.

ஒருநாள் அவனுடைய தாயார் வந்தார். “ஐயா, இவனை மதிப்பீட்டுக்கு அழைத்துப் போகலாமா? பிள்ளைமீது முத்திரை விழுந்துவிடுமோ என்று அஞ்சுகிறேன்” என்றார். எனக்குச் சுருக்கென்றது. ‘சோம்பேறி’ என்னும் முத்திரை அவன்மீது முன்பே விழுந்திருந்தது. அதை இட்டவர்களுள் நானும் ஒருவன்.

1896ஆம் ஆண்டில் பிரிங்கிள் மார்கன் என்னும் மருத்துவர், வாசிப்புக் கைவராத 14 வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி மருத்துவ இதழில் எழுதினார். பாடங்கள் முற்றும் வாய்மொழியாக அமைந்தால் அவனே பள்ளியில் தலைசிறந்து விளங்குவான் என்று அவனுடைய ஆசிரியர் கருதியதையும் அதில் குறித்தார். டிஸ்லெக்சியா என்று நாம் இன்று வழங்கும் அச்சிரமம் அறிவுக்குறையாலோ சோம்பலாலோ வருவதன்று.

மதிப்பீட்டை நாடுவது எப்போது? முதலில் கண்ணையும் செவியையும் சோதித்தல் வேண்டும். பின்னர், தடுமாற்றம் தமிழில் மட்டுமா, ஆங்கிலத்திலும் உண்டா என்று நோக்க வேண்டும். தமிழில் மட்டுமெனில், வீட்டில் தமிழ் புழங்காமை காரணமாக இருக்கலாம். இரு மொழியிலும் இருந்து, பொறுமையாகக் கற்பித்த பின்னும் நீடித்தால், தயங்காதீர்கள்.

ஆயினும், அறிக்கையை எதற்குப் பயன்படுத்துவது என்பதை முன்னரே சிந்தியுங்கள். அது தேர்வில் கூடுதல் நேரம் பெற வழிவகுக்கலாம்; தாய்மொழிப் பாடத்திலிருந்து விலக்குக் கோரவும் துணைநிற்கலாம். சில பிள்ளைகளுக்கு விலக்கு உண்மையிலேயே தேவை. அதைக் கோரும் பெற்றோரை நாம் குறைகூறலாகாது. ஆனால், எழுத்தில் இடறும் பிள்ளைக்குத் தமிழ்ப் பேச்சும் கதையும் பாட்டும் எட்டாதவை அல்ல. பாடத்தை விட்டாலும் அவற்றை விட வேண்டியதில்லை.

அம்மாணவன் மதிப்பீட்டுக்குச் சென்றான். தமிழ் வகுப்பிலும் தொடர்ந்தான். பத்து முறை எழுதச் சொல்வதை நிறுத்திவிட்டு, மணல் தட்டில் விரலால் எழுத்தை வரைந்து ஒலிக்கச் செய்தேன். வாசிப்பில் வேகம் கூடவில்லை. எனினும், வாசிக்க எழுந்து நின்றான்.

உங்கள் வகுப்பிலும் அத்தகைய பிள்ளை இருக்கக்கூடும். பெற்றோர் கேட்கும்வரை காத்திராமல், நீங்கள் கண்டதை அவர்களிடம் கனிவுடன் எடுத்துரையுங்கள்.