கூட்டம் தேடும் சிறுகிளி



எங்கள் தெருவில் ஐந்தாறு வீடுகளிலாவது ‘லவ் பேர்ட்ஸ்’ வளர்க்கிறார்கள். பச்சையும் நீலமும் மஞ்சளுமாய், கூண்டிற்குள் ஓயாமல் கீச்சிடும் அச்சிறு பறவைகளை நீங்களும் கண்டிருப்பீர்கள். பெயரில் மட்டும் ஒரு சிறு பிழை நேர்ந்துவிட்டது. உண்மையான லவ் பேர்ட்ஸ் ஆப்பிரிக்காவைச் சேர்ந்தவை. குட்டை வாலும் பருத்த உடலும் உடையவை. நம் ஊரில் அப்பெயரால் விற்கப்படுவது பெரும்பாலும் ஆஸ்திரேலியாவின் பட்ஜரிகார் என்னும் சிறுகிளியே. செல்லமாகப் பட்ஜி என்பார்கள்.

பட்ஜியின் தாயகம் ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாடு. அங்கே மழை எப்போது பெய்யும், எங்கே பெய்யும் என்று சொல்ல முடியாது. ஆகவே இப்பறவைகளுக்கு நிலையான ஊர் கிடையாது. புல் விதையும் நீரும் உள்ள இடத்தை நாடிக் கூட்டமாகப் பறந்துகொண்டேயிருக்கும். நல்ல மழைக்குப் பின் ஒரு நீர்நிலையில் ஆயிரக்கணக்கில் வந்திறங்கும். யூகலிப்டஸ் மரப்பொந்துகளில் முட்டையிடும். ஒரு பறவையின் எடை 30, 40 கிராம்தான். பருந்து வட்டமிடும் வெளியில் இத்தனை சிறிய உயிருக்குக் கூட்டத்தைவிட்டால் வேறு காவல் ஏது?

ஜான் கௌல்ட் என்ற பறவையியல் அறிஞர் 1840ஆம் ஆண்டு இவற்றை உயிருடன் இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தார். அன்று தொட்டு உலகெங்கும் கூண்டுகளில் இவை பெருகிவிட்டன. காட்டில் பச்சையும் மஞ்சளும் கலந்த ஒரே உடைதான். நீலம், வெள்ளை முதலியன கூண்டில் பிறந்த நிறங்கள். நம் நாட்டுப் பச்சைக்கிளியைக் கூண்டில் அடைப்பது 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதையும் இங்கே சொல்லி வைக்கிறேன். கிளி வளர்க்க விரும்புவோர் பட்ஜியை நாடுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

நானும் அப்படி நாடியவன்தான். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கடையில் இளம் ஆண் பறவை ஒன்றை வாங்கினேன். வளர்ந்த பறவையில் அலகின் மேலுள்ள சதை நீலமாயிருந்தால் ஆண், பழுப்பாயிருந்தால் பெண் என்பது பொது விதி. குஞ்சுக்கு நெற்றியில் கோடுகள் அலகு வரை இறங்கியிருக்கும். மூன்று நான்கு மாதங்களில் அவை மறையும். கடைக்காரர், “ஒத்தையா வாங்குங்க சார், ஜோடி சேர்த்தா பேசாது” என்றார். எனக்கு வேண்டியது பேசும் பறவை. ஒன்றையே வாங்கினேன். முத்து என்று பெயரிட்டேன்.

கூண்டு உயரமாக இருப்பதைவிட அகலமாக இருப்பது நல்லது. பட்ஜி பக்கவாட்டில் பறக்கும் பறவை. தினையும் சாமையும் உணவு. இடையிடையே முருங்கைக்கீரை, கொத்தமல்லி. நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை என்று தருவார்களே, கணவாய் மீனின் ஓடு, அதைக் கூண்டில் கட்டினால் கொத்திக் கொத்திச் சுண்ணாம்புச் சத்தைப் பெறும். சாக்லேட்டும் அவகாடோப் பழமும் அதற்கு நஞ்சு. ஒட்டாத பூச்சிட்ட வாணலி அடுப்பில் வெறுமனே காய்ந்தால் எழும் புகை சிறு பறவைகளைச் சில நிமிடங்களில் கொன்றுவிடும். அதனால் சமையலறைப் பக்கம் கூண்டே ஆகாது. மாலையில் அதை வெளியே விடுமுன் மின்விசிறியை நிறுத்திவிடுவேன். என் மறதியை நான் அறிவேனாகையால் விசிறியின் விசை மேல் ஒரு காகிதத்தையும் ஒட்டிவைப்பேன்.

நான்கு மாதங்களில் முத்து பேசிற்று. “முத்து, சாப்பிட்டியா?” என்பது நான் கற்பித்தது. “அப்பனே முருகா” என்பது யாரும் கற்பிக்காதது; என் தாயார் நாற்காலியிலிருந்து எழும்போதெல்லாம் சொல்வதைக் கேட்டுத் தானே பிடித்துக்கொண்டது. வந்தவரெல்லாம் வியந்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. 1958ஆம் ஆண்டு பி.பி.சி. நடத்திய பேசும் பறவைப் போட்டியில் ஸ்பார்க்கி என்ற பட்ஜி வென்றதாம். அதற்கு ஐந்நூறுக்கு மேற்பட்ட சொற்கள் தெரியுமாம். முத்துவுக்கு ஏழெட்டுச் சொற்கள்தாம். ஆயினும் நான் ஸ்பார்க்கியையே கனவு கண்டுகொண்டிருந்தேன்.

பின்பு என் தாயார் தமக்கையின் வீட்டுக்குச் சென்று இரண்டு மாதம் தங்க நேர்ந்தது. காலை எட்டு மணிக்கு நான் கல்லூரிக்குப் போனால் திரும்ப மாலை ஆறாகும். வீட்டில் முத்து தனியே இருந்தது. துணைக்கு ஒரு சிறு கண்ணாடியைத் தொங்கவிட்டேன். அது அந்த நிழலோடு கொஞ்சிற்று. தின்ற தினையைக் கக்கி அந்த நிழலுக்கு ஊட்டிற்று. பார்த்துச் சிரித்தேன். அது சிரிக்கத்தக்கதன்று என்பது, அதன் மார்பில் சிறகுகள் குறைந்து தோல் தெரிந்தபோதுதான் விளங்கிற்று. தானே பிடுங்கிக்கொண்டிருக்கிறது! பட்ஜி நோயை மறைக்கும் இயல்புடையது. தளர்ந்த பறவை பருந்தின் கண்ணில் முதலில் படும் அல்லவா? நம் கண்ணுக்குத் தெரியும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும்.

கால்நடை மருத்துவர் சோதித்துப் பார்த்துவிட்டு, “உடம்பில் நோய் இல்லை. ஒரு துணை வாங்கிக் கொடுங்கள்” என்றார். நான் உடனே வாங்கவில்லை. மூன்று வாரம் தாமதித்தேன். காரணத்தைச் சொல்ல வெட்கமாயிருக்கிறது. துணை வந்தால் பேச்சு நின்றுவிடுமே என்ற கவலைதான்.

இறுதியில் ஒரு நீல நிறப் பெண் பறவையை வாங்கினேன். புதிய பறவை நோய் எதையும் கொண்டுவரக்கூடும் என்பதால் ஒரு மாதம் வேறு அறையில் வைத்தேன். கதவு சாத்தியிருந்தது, ஆனால் முதல் நாளே அங்கிருந்து ஒரு கூவல், இங்கிருந்து ஒரு கூவல். பட்ஜிகளின் இந்த அழைப்பொலியை ஆராய்ந்தவர்கள் வியப்பான ஒன்றைக் கண்டிருக்கிறார்கள். ஒன்றாக வாழும் பறவைகளின் அழைப்பொலி நாளடைவில் ஒன்றுபோலாகிவிடுகிறது. இணை சேரும் ஆண், பெண்ணின் ஒலியைக் கேட்டுக் கற்றுக்கொள்கிறது. அதைப் படித்த அன்றுதான் முத்துவின் பேச்சு எனக்குப் புரிந்தது. என் சொற்களை அது என்னை மகிழ்விக்கவா கற்றது? அதற்கு வாய்த்த கூட்டம் நானும் என் தாயாரும்; எங்கள் கூட்டத்தின் ஒலி அது.

கடைக்காரர் சொன்னது பலித்தது. ஆறு மாதத்தில் “சாப்பிட்டியா” போயிற்று. ஏனைய சொற்களும் ஒவ்வொன்றாய் உதிர்ந்தன. மார்பில் சிறகு முளைத்து மூடிக்கொண்டது. பேசுவதைக் கேட்க வந்த நண்பர் ஒருவர் ஏமாந்து திரும்பினார். எனக்கும் முதலில் மனம் கசந்ததென்பதை மறைப்பானேன்? மாலையில் கூண்டைத் திறந்தால் இரண்டும் சேர்ந்தே புத்தக அலமாரிக்குப் பறக்கின்றன. இரண்டும் சேர்ந்தே என் தோளுக்கு வருகின்றன. பெண் சற்று அதிகாரக்காரி. என் மூக்குக்கண்ணாடியை முதலில் கொத்துவது அவள் உரிமை.

என் தாயார் இன்னும் நாற்காலியிலிருந்து எழும்போது “அப்பனே முருகா” என்கிறார். முத்து தலையைச் சாய்த்துக் கேட்கும். “தெரியும்டா உனக்கு, சொல்லத்தான் நேரமில்லை” என்று சொல்லிக்கொண்டே அவர் அதற்குத் தினை எடுக்கப் போவார்.