தகரப் பேழையும் தலைமுறை நினைவும்



பொருளை வைத்துக் காக்கும் கலத்தைப் பேழை என்றும் செப்பு என்றும் பழந்தமிழ் வழங்கிற்று. தென்காசி, குற்றாலம் ஊர்களின் பழைய வீட்டுப் பரண்களில் அப்பெயர்களுக்குத் தகுதியான கலம் ஒன்று இன்றும் கிடைக்கின்றது. படம் அச்சிட்ட மிட்டாய் டப்பாவே அது. மிட்டாய் தீர்ந்த பின் அதனுள் பொத்தானும் ஊசிநூலும் புகுந்தன. வீட்டுப் பத்திரமும் அயலூர்க் கடிதமும் புகுந்தன.

இதன் பிறப்பிடம் இங்கிலாந்து எனலாம். ரீடிங் நகரில் 1822இல் தொடங்கிய ஹன்ட்லி பால்மர்ஸ் நிறுவனம் 1868இல் ஓவியம் அமைந்த பிஸ்கட் டப்பாவை வெளியிட்டது. கல்லச்சின் உருவை இடையுருளை ஒன்றின் வழியாகத் தகரத்தில் பதிக்கும் முறைக்கு இராபர்ட் பார்க்ளே 1875இல் உரிமம் பெற்றார். அதன் பின்னரே பல வண்ணப் பெட்டிகள் பெருகின. தமிழகத்தில் நெல்லிக்குப்பத்தில் 1914இல் பாரி நிறுவனத்தின் மிட்டாய்த் தொழில் தோன்றியது. சுக்கூரிலிருந்து பிரிவினைக்குப் பின் குவாலியருக்குக் குடிபெயர்ந்த ஜே. பி. மங்காராம் நிறுவனம், கண்ணன் முதலிய தெய்வ உருவங்களைத் தன் பிஸ்கட் டப்பாக்களில் அச்சிட்டது. குற்றாலச் சித்திரசபையின் சுவரோவியங்களைக் கண்டு பழகிய கண்களுக்கு, தகரத்தில் நின்ற கண்ணன் அயலானாகத் தோன்றியிருக்க இயலாது. படத்திற்காகவே டப்பாவைக் காத்த இல்லங்கள் பல.

கடல் கடந்தோரின் கதையும் இப்பெட்டிகளில் உண்டு. கொழும்பில் வணிகம் செய்தோரும், பின்னாளில் வளைகுடா நாடுகளுக்குப் பணிக்குச் சென்றோரும் ஊர் திரும்புகையில் இனிப்புப் பெட்டிகளைக் கொணர்ந்தனர். பெட்டியைத் திறந்த நாள், தந்தை வீடு வந்த நாள். அதனால்தான் அதனை எறிய எவர்க்கும் மனம் வரவில்லை.

பெட்டியின் வயதை அறிய அதன் எழுத்துகளே துணை. விலை அணாவில் இருப்பின் அது 1957 ஏப்ரலில் நயா பைசா வருவதற்கு முற்பட்ட வழக்கு. இந்திய நிறுவனத்தின் பெட்டியில் எடை பவுண்டு, அவுன்சில் இருப்பின், பெரும்பாலும் 1960களின் தொடக்கத்திற்கு முற்பட்டது. முகவரியில் ஆறிலக்க அஞ்சல் குறியீடு காணப்படின், 1972 ஆகஸ்டு 15க்குப் பிற்பட்டது என்பது உறுதி. கல்வெட்டாய்வாளர் எழுத்தின் வடிவத்தைக் கொண்டு காலம் கணிப்பது போன்றதே இதுவும்.

பேணுதலில் கவனம் தேவை. தகர டப்பா என்பது உண்மையில் வெள்ளீயம் பூசிய இரும்புத் தகடு. பூச்சு கீறுண்டால் உள்ளிருக்கும் இரும்பு விரைந்து துருவேறும். சாரல் காற்று வீசும் குற்றாலத்தில் ஒரே பருவத்தில் கண்ணனின் முகம் கரைந்துவிடக்கூடும். பளபளப்பை விரும்பிச் சாம்பலும் புளியும் இட்டுத் தேய்ப்போர் ஓவியத்தையே தேய்த்து விடுகின்றனர். உலர்ந்த மென்துணியால் துடைத்து, வெயில் படாத உலர்ந்த இடத்தில் வைத்தலே போதும்.

துருவினும் கொடியது மறதி. முதியோர் மறைந்ததும் பரண் ஒழிக்கப்படுகிறது. பெட்டி எடைக் கணக்கில் பழைய இரும்புக் கடைக்குச் செல்கிறது. நற்பேறு இருப்பின் காரைக்குடிப் பழம்பொருள் கடைத்தெருவை அடைந்து, சேகரிப்பாளர் கையில் சேர்கிறது. அவ்வழி ஓவியம் பிழைக்கிறது; ஆயின் கொணர்ந்தவர் யார், உள்ளே எதனை வைத்தனர் என்னும் செய்தி அழிகிறது. பெயரிழந்த பெட்டி, ஏட்டை இழந்த சுவடிக்கட்டு அன்றோ!

ஆதலின் பெட்டியை விலைக்கு வாங்குதல் மட்டுமே சேகரிப்பு ஆகாது. பெட்டி இருக்கும் இல்லத்திலேயே இருக்கட்டும். வீட்டு முதியவளிடம் கேட்டு அதன் வரலாற்றை ஒரு தாளில் எழுதி, அத்தாளை அப்பெட்டிக்குள்ளேயே வைத்தல் வேண்டும். பத்தாண்டு நிறைவு காணும் இவ்விலக்கிய வட்டத்தின் பதினோராம் ஆண்டுப் பணியாக இது அமையின், ஏட்டில் ஏறாத பெண்களின் வாழ்வும் தமிழில் ஏடேறும்.

வாழ்க தமிழ்!