நிலவுக்குப் போன நெசவு



சென்ற வாரம் பிள்ளையார்பாளையத்தில் ஒரு நெசவாளர் வீட்டை மந்திரிக்கப் போயிருந்தோம். குழித்தறியில் இருந்த தாய் ஒருவர், நெய்ததில் நான்கு விரற்கடையைப் பிரித்துக்கொண்டிருந்தார். கோர்வையில் ஓர் இழை தவறிவிட்டதாம். நம் கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை.

"எனக்குத் தெரியுதே சாமி. அரை நாள் கூலி போச்சு. ஆனா இதை யாரு பார்க்கப்போறாங்க?" என்றார்.

அங்கே நமக்குப் பதில் வரவில்லை. பங்கு இல்லத்துக்குத் திரும்பிய பிறகுதான் நிலவுக்குப் போன மனிதர்கள் நினைவுக்கு வந்தார்கள்.

நிலவில் காற்று இல்லை. 1969 ஜூலை 20 அன்று இறங்கிய ஆம்ஸ்ட்ராங்குக்கும் ஆல்ட்ரினுக்கும் சாவுக்கும் நடுவே இருந்தது ஓர் உடைதான். அது கைவிட்டால் என்ன ஆகும் என்பது 1966-இலேயே தெரிந்துவிட்டது. ஹூஸ்டனில் காற்று நீக்கிய அறையில் சோதனை நடந்தபோது, ஜிம் லெப்ளாங்க் என்பவருடைய உடையின் காற்றுக்குழாய் கழன்றுகொண்டது. ஏறத்தாழ 14 வினாடிகளில் நினைவிழந்தார். தம் நாவில் எச்சில் கொதித்ததே கடைசியாக நினைவிருப்பதாகப் பிறகு சொன்னார். உடனே அறைக்குள் காற்றை விட்டதால் பிழைத்தார்.

அந்த உடைகளைத் தைத்தவர்கள் யார்? டெலவேர் மாநிலத்தின் டோவர் நகரில், பெண்களுக்கான உள்ளாடை தயாரித்துவந்த நிறுவனத்தின் தையற்காரப் பெண்கள். சிரிக்க வேண்டாம், உண்மைதான். அடுக்கடுக்கான துணிகளுக்குள் ஒரு குண்டூசி மறந்து தங்கினாலும் உயிருக்கு ஆபத்து என்பதால், எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள்.

இன்னொன்று நம் ஊருக்கு இன்னும் நெருக்கமானது. விண்கலத்தின் கணினிக்கான கட்டளைகளை மாசசூசெட்ஸின் வால்தம் நகரில் பெண்கள் கையால் நெய்தார்கள். ஆம், நெய்தார்கள்! சின்னஞ்சிறு காந்த வளையங்கள். கம்பி வளையத்துக்குள் நுழைந்தால் ஒன்று, வெளியே போனால் பூஜ்யம். எந்த வளையம் என்று காட்டியது துளையிட்ட நாடாச்சுருள், நம் தறிகளில் ஜக்கார்டு அட்டை காட்டுவதைப்போல. அவர்களில் சிலர் துணி ஆலைகளிலிருந்து வந்தவர்கள். கம்பி தவறினால் திருத்துவது பெரும்பாடு.

1969 நவம்பர் 14, மழை நாள். அப்போலோ 12 கிளம்பி ஒரு நிமிடத்துக்குள் இரண்டு முறை மின்னல் தாக்கியது. எச்சரிக்கை விளக்குகள் வரிசையாக எரிந்தன, மின்கலங்கள் இணைப்பிழந்தன, திசைகாட்டும் கருவி நிலைதடுமாறியது. ஆனால் கணினியின் கட்டளைகள் அழியவில்லை. அவை கம்பியின் பின்னலிலேயே இருந்தன. கான்ராட், கார்டன், பீன் மூவரும் நிலவுவரை போய் நலமாக வீடு திரும்பினார்கள்.

யோவான் நற்செய்தி 19-ஆம் அதிகாரத்தில், சிலுவையடியில் படைவீரர்கள் கிழிக்க மனமில்லாமல் சீட்டுப்போட்ட அந்தத் தையலில்லாத அங்கி நினைவிருக்கிறதா? அதை நெய்தவர் பெயரை நற்செய்தியாளர் எழுதவில்லை. அன்னை மரியாவே நெய்தார் என்பது மரபு. யார் நெய்திருந்தாலும், ஆண்டவர் பாடுகளின் நாள்வரை அதைத்தான் உடுத்தியிருந்தார்.

விண்வெளி வீரர்கள் அந்தத் தொழிற்சாலைகளுக்கே போய், அந்தப் பெண்களைப் பார்த்துவிட்டு வந்தார்கள். தங்கள் உயிர் யார் கையில் இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. திருமணத்துக்குப் பட்டெடுக்க நம் ஊருக்கு வருகிறவர்கள் கடையில் பேரம் பேசுகிறார்கள். தறிவரை வருகிறவர்கள் எத்தனை பேர்? பிரித்து நெய்த அரை நாளுக்குக் கூலி தருகிறவர் யார்? உடையில் குறை வந்தால் உயிர் போகும் என்பதால் அங்கே மரியாதை கொடுத்தார்கள். இங்கே உயிர் போகாது என்பதால் கொடுக்காமல் இருக்கிறோமோ என்று நமக்கே உறுத்துகிறது.

மறுநாள் அந்தத் தாயிடம் இதையெல்லாம் சொன்னோம். ஞாயிறு காணிக்கைப் பவனியில் அவருடைய தறி நாடாவையும் பீடத்துக்குக் கொண்டுவரக் கேட்டோம். கொஞ்சம் யோசித்தார்.

"புடவை முடிய இன்னும் எட்டு நாள் ஆகும் சாமி. அடுத்த ஞாயிறு கொண்டுவரட்டுமா?"

சரி என்று சொல்லியிருக்கிறோம்.