பெரியாத்துத் தண்ணியில் ஒரு படகுப் பயணம்
(அலங்காநல்லூரில் நடந்த கூட்டமைப்புக் கூட்டத்தில் பேசியது)



தேக்கடிக்குப் போயிட்டு வந்ததைப் பத்திப் பேசச் சொல்லி நிர்வாகக் குழுவில் கேட்டாங்க. இரண்டாவது பேட்ச் கிளம்பப் போகுது, அதனால அவங்களுக்கும் உபயோகமா இருக்கும். அதுக்கு முன்னாடி ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிடுவோம். "குழுப் பணத்தில் பொம்பளைங்க படகு விடப் போறாங்க" என்று டீக்கடையில் பேச்சு ஓடுது. சேமிப்புப் பணத்தில் ஒரு பைசா தொடவில்லை. போனவங்க அவங்கவங்க கைக்காசு போட்டுத்தான் போனோம். களையெடுத்த கூலி, பால் ஊத்திய காசு. அதைக் கேட்க யாருக்கும் உரிமை இல்லை.

மதுரையிலிருந்து தேக்கடி ஏறத்தாழ 140 கிலோமீட்டர். ராத்திரியே வேன் எடுத்ததால காலைப் படகுக்கு நேரத்தில் போய்ச் சேர்ந்தோம். ஒன்றரை மணி நேரப் பயணம். படகு கிளம்பும்போது ஒரே சளசளப்பு. கொஞ்ச தூரம் போனதும் பேச்சு தானா நின்னுபோச்சு. தண்ணி மேலே பனி புகை மாதிரி ஊர்ந்துகிட்டு இருக்கு. தண்ணிக்கு நடுவில் கறுத்துப்போன மரக்கட்டைகள் நிக்குது, அதுமேல நீர்க்காகம் ரெக்கையை விரிச்சு வெயிலுக்குக் காய வைக்குது. நம்ம வீட்டுக் கொடியில் ஈரச்சேலை போட்ட மாதிரியே இருந்தது. கரையில் மிளா மான், காட்டெருமை, பன்றிக் கூட்டம்.

அப்புறம் யானை. ஆறேழு இருக்கும். பெரிய யானைகளின் கால்களுக்கு நடுவில் ஒரு குட்டி. அது தண்ணிப் பக்கம் ஓடப் பார்க்குது, ஒரு யானை தும்பிக்கையால் வளைச்சு உள்ளே இழுக்குது. யானைக் கூட்டத்தை நடத்துவது வயசான பெண் யானைதான், தெரியுமா? எந்தக் கோடையில் எங்கே தண்ணி இருக்கும்னு அதுக்குத்தான் தெரியும். பெத்தவ மட்டுமில்லாம, சித்தி பெரியம்மா எல்லாரும் சேர்ந்து குட்டியைப் பார்த்துக்குவாங்க. (தலைவி பதவிக்கு அங்கே தேர்தல் தகராறு கிடையாது. நம்ம கூட்டமைப்பு கவனிக்கணும்!)

படகில் ஒரு அக்கா கையெடுத்துக் கும்பிட்டாங்க. அழகர் பேரைச் சொன்னாங்க. பக்கத்தில் இருந்தவங்க "அல்லா" என்றாங்க. இன்னொருத்தர் ஸ்தோத்திரம் சொன்னார். இத்தனை உயிரையும் ஒருத்தன் படைச்சு, அதுக்குத் தீனியும் வச்சிருக்கானே என்ற வியப்பு எல்லாருக்கும் ஒண்ணாத்தான் வந்தது.

அப்போ ஒரு இளவயசு உறுப்பினர் கேட்டாங்க: "அக்கா, இந்த ஏரியையும் சாமிதான் படைச்சதா?" நல்ல கேள்வி. இல்லை. இது ஆத்தை மறிச்சு மனுசங்க உண்டாக்கிய ஏரி. 1876 முதல் 1878 வரை வந்த தாது வருசப் பஞ்சத்தைப் பாட்டிமார் சொல்லக் கேட்டிருப்பீங்க. இந்தப் பக்கம் ஜனங்க சோறில்லாமல் செத்துக்கிட்டிருக்க, மலைக்கு அந்தப் பக்கம் பெரியாறு மேற்கே ஓடிக் கடலில் கலந்துகிட்டு இருந்தது. அதைக் கிழக்கே திருப்ப 1887 இல் வேலை தொடங்கி, 1895 அக்டோபரில் அணை திறந்தாங்க. பொறியாளர் பென்னிகுயிக் பேரு எல்லாருக்கும் தெரியும். கம்பம் பக்கம் அவர் படத்துக்கே பொங்கல் வைக்கிறாங்க. ஆனா அந்தக் காட்டில் காய்ச்சலிலும் வெள்ளத்திலும் செத்த கூலியாட்கள் ஏராளம். அவங்க பேரு யாருக்கும் தெரியாது. சுண்ணாம்பும் செங்கல்தூளும் கலந்து கட்டின அணை அது. சுற்றுலாப் படகு அணை வரை போறதில்லை, அதனால நாங்களும் பார்க்கலை.

தண்ணிக்குள்ள நிக்கிற மரக்கட்டைகள் அப்போ முங்கின காடு. நூறு வருசத்துக்கு மேலாகியும் நிக்குது. அழகு அழகுன்னு போட்டோ எடுத்தோமே, அது நமக்காக உயிர்விட்ட காடு. இதைச் சொன்னதும் படகில் கொஞ்ச நேரம் யாரும் பேசலை.

அந்தத் தண்ணி எங்கே போகுது? தேக்கடி மதகு வழியா, மலையைக் குடைஞ்ச சுரங்கத்தில் நுழைஞ்சு, லோயர்கேம்ப் பக்கம் இறங்கி, சுருளியாற்றோடு வைகைக்கு வருது. வைகை அணையைத் தாண்டி, பேரணையில் பெரியாறு பிரதானக் கால்வாயில் பிரிஞ்சு, வாடிப்பட்டி தாண்டி நம்ம வயலுக்கு வருது. பேரணை முதல் கள்ளந்திரி வரை ஏறத்தாழ 45 ஆயிரம் ஏக்கர் இருபோகம் இந்தத் தண்ணியில்தான். முழங்கால் சேத்தில் நின்னு நாத்து நட்டோமே, அது யானைக்குட்டி குடிச்ச தண்ணி. ஒரு அக்கா கையை விட்டு அள்ளிப் பார்த்தாங்க. "நம்ம தண்ணிதாண்டி" என்றாங்க. முப்பது வருசமா அதில் நடவு நட்டவங்க, அது வர்ற இடத்தை அன்னைக்குத்தான் பார்த்தாங்க.

ஆனா அந்தத் தண்ணி நம்ம ஊர்க் கால்வாயில் எப்படி இருக்கு? பாலித்தீன் பை, பாட்டில், கோழிக்கழிவு. சாமி படைச்சதுன்னு அங்கே கும்பிட்ட கையாலதான் இங்கே குப்பையும் கொட்டுறோம்.

அந்த ஊர்ப் பெண்கள் 2002 இல் 'வசந்த சேனை'ன்னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க. மரம் வெட்டுறவங்க, வேட்டைக்காரங்க வராமல் இருக்க, முறை வச்சுக் காட்டுக்குள் ரோந்து போனாங்க. சம்பளம் கிடையாது. நம்மள மாதிரி அடுப்படி வேலையை முடிச்சிட்டுப் போனவங்கதான். அவங்க காத்த காட்டில் பெய்யிற மழைதான் நம்ம வயலுக்கு வருது. அதனாலதான், தண்ணி திறக்குறதுக்கு முன்னாடி நம்ம ஊர்க் கிளைக்கால்வாயைக் குழுவாரியா சுத்தம் பண்ணலாமான்னு கேக்குறோம். நீர்வளத்துறை பண்ணட்டும்னு சிலர் சொல்வீங்க. மண்ணும் மதகும் அவங்க வேலைதான், மறுக்கலை. பை நம்ம பை.

இனி போறவங்களுக்கு. 2009 செப்டம்பர் 30 அன்று இதே ஏரியில் ஒரு படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தாங்க. படகின் அமைப்பில் கோளாறு என்றாங்க. விலங்கைப் பார்க்க ஆட்கள் ஒரே பக்கம் போனாங்கன்னும் தப்பிச்சவங்க சொன்னாங்க. அதனால உயிர்காப்புச் சட்டையைக் கயிறு இழுத்துக் கட்டணும். சேலை கசங்குதுன்னு கழட்டக் கூடாது. யானையே வந்தாலும் உட்கார்ந்த இடத்திலிருந்தே பாருங்க. பிளாஸ்டிக் கொண்டு போகாதீங்க, கட்டுச்சோறு இலையிலேயே இருக்கட்டும். சத்தம் போட்டா ஒண்ணையும் பார்க்க முடியாது. புலி தெரியும்னு நம்பிப் போகாதீங்க.

பேர் கொடுக்கிறவங்க இந்த வாரத்துக்குள் உங்கள் குழுப் பிரதிநிதியிடம் கொடுங்க. கால்வாய் வேலைக்கும் அதே நோட்டில்தான் பேர் எழுதுறோம்.